பினாங்குத் தொப்பி

முத்துசாமி ஐயா தன் கடலைக்கொல்லை வரப்பில் வந்து நின்றபோது நான் குனிந்து கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷத்துச் சித்திரை. செந்துறைப் பக்கத்துச் செம்மண் கால் வைக்க விடாமல் கொதித்தது. அவர் கறுப்புக் குடைக்குள் நின்றார், நான் வைக்கோல் தொப்பிக்குள் இருந்தேன். கொல்லைக்காரர் தலைக்கும் நிழல், கூலிக்காரி தலைக்கும் நிழல். அதுதான் அவருக்கு உறுத்தியது.

"ஏ அம்சவள்ளி, அதென்ன தலையில?"

"தொப்பிங்க ஐயா."

"அது தெரியுது. எதுக்குங்கிறேன்."

"வெயிலுங்க."

பக்கத்து நிரையில் இருந்த ஆண்டாயி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இவ எங்க தெரு துரைசானிங்க ஐயா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்துவிட்டுப் போனார். அப்போதைக்கு அது சிரிப்போடு போயிற்று.

என்னிடம் நாலு தொப்பிகள் இருந்தன. எல்லாம் லப்பைக்குடிகாட்டு நைனா முகமது பாய் கொண்டுவந்தவை. பழைய சாமான் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் வருவார். முதல் தொப்பியை அவர் மூட்டைக்கு அடியிலிருந்து உருவிப் போட்டபோது கூடை மூடி என்றுதான் நினைத்தேன். "எங்க மாமு பினாங்குல போட்டதும்மா. மவுத்தாயிட்டாங்க. வூட்ல எலி கடிக்குதுன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். கொஞ்சம் புளியைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். உள்ளே தோல்பட்டை வெடித்திருந்தது. செத்துப்போன யாரோ ஒரு மனுஷனின் பழைய வியர்வை வாசம் அடித்தது. ஈரத்துணியால் துடைத்து, வேப்பிலை போட்டு வைத்தேன். பிறகு பாயே எனக்கென்று தேட ஆரம்பித்துவிட்டார். அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய வீட்டிலிருந்து கறுப்பு ரிப்பன் வைத்தது, விளிம்பு நைந்தது ஒன்று, பெண்பிள்ளைத் தொப்பி ஒன்று. மண்சுவரில் ஆணியடித்து வரிசையாய் மாட்டியிருந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இதென்னடி கூத்து என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டுமே. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

பினாங்குத் தொப்பியைப் போட்டால் முகத்தில் வெயில் பொட்டுப் பொட்டாய் விழும். சும்மாட்டுத் துணி தலையை அவிக்கும், இது காற்றைப் பிடித்து உள்ளே விடும். ஆனால் அதற்காக மட்டும் போட்டேன் என்றால் பொய். போட்டுக்கொண்டால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

கொல்லையிலிருந்து எங்கள் தெருவுக்கு மேலத்தெரு வழியாகத்தான் வர வேண்டும். அங்கே நுழையும்போது எங்கள் ஆம்பிளைகள் தலைத்துண்டை எடுத்து அக்குளில் செருகிக்கொள்வார்கள். பொம்பிளைகள் தலைமேல் போட்ட முந்தானையை இறக்கிவிடுவோம். செருப்பு கைக்குப் போய்விடும். தொப்பியை என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஐயா கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம் கழற்ற மனசு வரவில்லை, போட்டபடியே நடந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மேலத்தெருக் கொளஞ்சியப்பன் மாட்டைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்: "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரில குடை பிடிப்பானாம்."

அர்த்தராத்திரியா? பொழுதே இன்னும் சாயவில்லை. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் முத்துசாமி ஐயா என் வீட்டுக்காரர் செல்லப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு ஐயாவிடம் ஏர் ஓட்டுகிற வேலை. போனவர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரியாப் போச்சு புள்ள. ஒனக்கு ஒத்தத் தலவலி, அரியலூர் ஆஸ்பத்திரில தொப்பி போடச் சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். ஐயா எறங்கிட்டாரு. நோவுக்குன்னா போட்டுக்கட்டும், நாலு பேரு முன்னாடி வந்து அவ வாயால சொல்லிடட்டும்ங்கிறாரு."

"எனக்கு எப்பய்யா தலவலி வந்துச்சு?"

"ஒரு வார்த்த புள்ள. சொல்லிட்டா தொப்பியும் இருக்கும், நம்ம ரெண்டு பேரு வேலையும் இருக்கும். ஒனக்கு என்ன கொறயுது?"

நோயாளி என்றால் தலையில் நிழல் இருக்கலாம். நல்லாயிருக்கிறவள் ஆசைப்பட்டால் கூடாது. இதில் ஐயாவுக்குத் தயாள குணம் வேறு! செல்லப்பனைத் திட்ட வாய் வரவில்லை. பயத்தில் சொன்ன பொய், எனக்காகச் சொன்ன பொய்.

வெயில் ஏறியபிறகு போனோம். மேலத்தெருப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் ஐயா, கொளஞ்சியப்பன், இன்னும் சில பேர். செல்லப்பன் துண்டை அக்குளில் செருகிக் கூனி நின்றார். நான் பினாங்குத் தொப்பியோடு வெயிலில் நின்றேன்.

"சொல்லும்மா, என்ன ஒடம்புக்கு?" ஐயாவின் குரல் இதமாகத்தான் இருந்தது. தலையாட்டினால் போதும். செல்லப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா."

"தலவலின்னானே ஒம்புருஷன்?"

"தலவலி இல்லீங்க. எனக்குப் புடிச்சிருக்கு, போட்டுக்கறேன்."

கொளஞ்சியப்பன்தான் முதலில் காறித் துப்பினார். ஐயாவுக்குக் கோபத்தைவிட அவமானம். பெரிய மனசு பண்ணியதை முகத்தில் விட்டெறிந்துவிட்டேன் அல்லவா. "நாளையிலேருந்து ரெண்டு பேரும் என் கொல்லைல கால் வைக்கக் கூடாது" என்றார். பிறகு, "அதக் கழட்டிட்டுப் போ" என்றார்.

"வெயிலு அடிக்குதுங்க" என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு ஒரு சந்து உண்டு, முள்ளும் சாக்கடையுமாய். செல்லப்பன் அந்தப் பக்கம் திரும்பினார். நான் நேரே மேலத்தெருவுக்குள் நடந்தேன். நாளைக்கு உலை வைக்க என்ன இருக்கிறது என்றுதான் மனசு ஓடியது. செந்துறையில் ரோட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாக ஆண்டாயி அக்கா சொல்லியிருந்தாள். எடுக்காமலும் போகலாம். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு கல் வந்து தொப்பி விளிம்பில் பட்டு விழுந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பாதித் தெருவில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று திரும்பினேன். செல்லப்பன். முகம் வெளிறி, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அக்குளில் துண்டு இல்லை. கையில் இருந்தது. தலைக்கும் போகவில்லை, அக்குளுக்கும் திரும்பவில்லை. அதை நெஞ்சுக்கு நேரே இறுக்கிப் பிடித்தபடி, என் பக்கத்தில் வந்து நடந்தார்.