வெட்டாத பக்கங்கள்

பாகூரில் கரும்புக்கு நீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பிரெஞ்சு நாவல் படித்துவிட்டு, அதை எழுதியவரோடு மனசுக்குள் சண்டை பிடிக்கிறவள் தையலம்மாள் ஒருத்திதான். வில்லியனூர் கொம்யூன் அலுவலக எழுத்தர் தங்கவேலின் மகள். புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் தங்கிப் படித்தவள். படித்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அவளைக் கட்டிக்கொண்ட தணிகைவேல், கல்யாணமான பதினோராம் மாதம், பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டான். "வூடு பார்த்துட்டு உன்னக் கூப்பிடறேன்" என்று சொல்லிப் போனான். அது 1929. இப்போது 1935. ஆறு வருடமாக அவள் காத்திருந்தது அந்த அழைப்புக்குத்தான்.

மகராசன் கூப்பிடவில்லை. புத்தகம் அனுப்பினான்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாவல்கள் ஓரம் வெட்டாமல் வரும். தாள்கள் மடிப்பு மடிப்பாக மூடியிருக்கும். வாங்கியவர்தான் கத்தியால் பிரித்துப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தப் பதினொரு மாதத்தில் இருவரும் சேர்ந்து மூன்று நாவல்கள் படித்தார்கள். பேனாக்கத்தி அவன் கையில், வாசிப்பது அவள். பிரித்த பக்கம் முடிந்தாலும் அடுத்ததைச் சட்டென்று வெட்டமாட்டான். கதையில் இனி என்ன நடக்கும் என்று அவள் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கத்தி நகரும். முக்கால்வாசி அவள் சொன்னது நடக்காது. "நீ சொன்னதுதான் நல்லாகீது. இவனுக்கு எழுதத் தெரியல" என்று சிரிப்பான். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அதைப் பார்க்கவே அவள் வேண்டுமென்று தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு.

சைகோனிலிருந்தும் அதே பழக்கம்தான். அவன் வாங்கி, வெட்டிப் படித்துவிட்டு அனுப்புவான். அவள் படித்து, மனசில் பட்டதைப் பிரெஞ்சில் எழுதுவாள். வீட்டில் வேறு யாருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பது ஒரு சௌகரியம். ஒரு நாவலில் ஒருத்தி இருநூறு பக்கம் சலித்துக்கொண்டே இருந்தாள். "இவளுக்கு நெல் அவிக்கிற வேலை இல்லை போலிருக்கிறது. எனக்கு இருக்கிறது. ஆனாலும் சலிப்பென்னவோ ஒன்றேதான்" என்று எழுதினாள். இன்னொன்றில் ஒரு சிப்பாயின் மனைவி காத்திருந்தாள். "நான்கு வருடங்கள் கழிந்தன என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்குள் அவரை ஒரு மாதம் குடியிருந்து பார்க்கச் சொல். என்னை எப்போது கூப்பிடப் போகிறாய்?" என்று எழுதினாள். உன் கடிதம் நாவலைவிட நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. கடைசிக் கேள்வி மட்டும் அவன் கண்ணில் படவே படாது.

தை மாதம், கரும்பு வெட்டு மும்முரத்தில், தபால்காரர் இருசப்பன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். மாமியார் வள்ளியம்மாளுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா இருசப்பா, மறுபடியும் காயிதத்தையே அனுப்பிகீறானா? ஆளு எப்ப வருவானாம்?"

"நானா பெரிம்மா கப்பலு ஓட்றேன்?" என்றார் இருசப்பன்.

உள்ளே இருந்த சீட்டில் நாலே வரி. இந்த வருடமும் விடுப்பு இல்லை. புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முடிவு பிரமாதம். உனக்குப் பிடிக்கும்.

தோட்டத்தில் நெல் அண்டா அடுப்பிலிருந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தையலம்மாள் படிக்க ஆரம்பித்தாள். கதை சாதாரணமானது. பிரான்சில் மனைவியை விட்டுவிட்டு ஒருவன் தூரதேசத்து ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான். அங்கே அவனுக்குச் சமைத்துப் போட அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். சமைக்க வந்தவள் தங்கிவிடுகிறாள். ஒரு குழந்தையும் பிறக்கிறது. நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில், மனைவிக்கு உண்மையை எழுதிவிடுவது என்று அவன் பேனாவை எடுக்கிறான். தையலம்மாள் பக்கத்தைத் திருப்பினாள். அது திரும்பவில்லை.

மடிப்பு மூடியே இருந்தது. ஒன்றை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் மூடியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். புத்தகம் முடியும்வரை கத்தி ஓரிடத்திலும் படவில்லை. முடிவு பிரமாதமாம்! பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா என்று முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு சிரிப்பு நின்றது. எந்தப் புத்தகத்தையும் பாதியில் போடுகிறவன் இல்லை அவன். எழுதத் தெரியாதவன் என்று திட்டிக்கொண்டேயாவது கடைசிவரை வெட்டுவான். போன மழைக்காலத்தில் அவன் எழுதியிருந்த ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மாந்தம், நம் பக்கம் என்ன கொடுப்பார்கள், அம்மாவைக் கேட்டு எழுது என்று கேட்டிருந்தான். அவளும் கேட்டு, வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொல்லி எழுதினாள். குணமாகிவிட்டது, இப்போது சிரிக்கிறாள், இடது கன்னத்தில் குழி விழுகிறது என்று பதில் வந்தது. அண்டைவீட்டுக் குழந்தையின் கன்னக்குழியை எவனாவது மெனக்கெட்டுப் பெண்டாட்டிக்கு எழுதுவானா? அன்றைக்கு அதைப் படித்து அவளும் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டிருந்தாள். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

"அடியே, நெல்லு கொழஞ்சிப் போவுது! எங்கடி போச்சி உன் புத்தி?" என்று வள்ளியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

மறுநாள் மத்தியானம் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, அதன் விளிம்பிலேயே மீதிப் பக்கங்களைப் பிரித்தாள். ஓரமெல்லாம் பிய்ந்து கந்தலாயிற்று. ஆகட்டும் என்று விட்டுவிட்டாள். கதையில் அவன் கடிதத்தை எழுதிக் கப்பலில் சேர்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு தொண்ணூறு பக்கம் அவனுடைய துக்கம். மழை பெய்கிறது, அவனுக்குக் காய்ச்சல் வருகிறது, ஆற்றங்கரையில் நின்று பெருமூச்சு விடுகிறான். மனைவியைப் பற்றி அப்புறம் ஒரு வரிகூட இல்லை. தையலம்மாளுக்கு வந்த கோபத்தில், அந்த ஆசிரியர் மட்டும் அன்று பாகூர்ப் பக்கம் வந்திருந்தால் சும்மா திரும்பியிருக்க மாட்டார்.

காகிதம் எடுத்து, வழக்கம்போலப் பிரெஞ்சில் எழுதினாள்.

"நீ வெட்டாத பக்கங்களில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பயப்படாதே, உன்னைத் திட்டி அதில் ஒன்றும் இல்லை. அவன் கடிதம் அனுப்பிவிடுகிறான், அவ்வளவுதான். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டை ஆசிரியர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அதை நானே எழுதுகிறேன். அவள் அழுதாள். நெல் குழைந்துபோய் ஏச்சு வாங்கினாள். அவனை வெறுத்துவிடலாம் என்று உட்கார்ந்து முயன்று பார்த்தாள், வரவில்லை. குழந்தையை வெறுக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொன்னவளே அவள்தானே. குழந்தையின் பெயரை மட்டும் எழுது."

உறையை ஒட்டி, மறுபடி இருசப்பன் வந்தபோது அவர் கையில் கொடுத்தாள். அவர் ஏரிக்கரை ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். வெட்டிய கரும்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இருசப்பண்ணே! நில்லு! அந்தக் கடுதாசியக் கொஞ்சம் குடு. பென்சிலு இருந்தாக் குடு."

உறையின் முதுகில், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி, பெரிதாகத் தமிழில் ஒரே ஓர் எழுத்து எழுதினாள்: வா.

இருசப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானாம்மா?"

"இவ்ளோதாண்ணே. ஆறு வருஷமா அவரு கூப்பிடுவாரு, கூப்பிடுவாருன்னு குந்திக்கினு இருந்தேன். இப்ப நான் கூப்பிடறேன்" என்றாள் தையலம்மாள்.