இரண்டு லேபிள்கள்

அருணாசலத்துக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குக் கல்லூரியில் இதுவரை நான்கு காரணங்கள் புழங்கியிருந்தன. முதலில் தங்கைக்கு ஆகட்டும் என்றார். தங்கைக்கு ஆகி அவள் பிள்ளையும் பள்ளிக்கூடம் போனதும், அப்பா இறந்ததைச் சொன்னார். அப்புறம் செவ்வாய் தோஷம். கடைசியாக பிஎச்.டி. அதையும் முடித்துத் தொலைத்துவிட்டதால், 2003 ஆடி மாத வாக்கில் அவர் கையில் காரணம் ஏதும் இல்லாமல் நின்றார். தாவரவியல் விரிவுரையாளர் ஒருவர் நாற்பத்தொரு வயதில் அப்படி நிற்பது ஸ்டாஃப் ரூமுக்குப் பொறுக்காது.

உண்மையான காரணம் காளப்பநாயக்கன்பட்டியில் மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தது. பெயர் செல்லமுத்து. ஒன்பது வருடமாக இரண்டாம் சனிக்கிழமைதோறும் இருவரும் முதல் பஸ்ஸில் கொல்லிமலை ஏறினார்கள். செல்லமுத்துவுக்கு மரம் ஏறத் தெரியும். அவர் பறித்துப் போட்டது என்னவென்று அருணாசலத்துக்குத் தெரியும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் செல்லமுத்து அவரை "சார்" என்பார். காட்டுக்குள் போய்விட்டால் "கண்ணு" என்பார். இந்த ஏற்பாட்டில் ஒருமுறைகூடப் பிசகு வந்ததில்லை.

பிசகு காகிதத்தில்தான் வந்தது. பறித்த செடியை அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, மூலையில் லேபிள் ஒட்ட வேண்டும். செடியின் பெயர், இடம், தேதி, சேகரித்தவர். சேகரித்தது இரண்டு பேர் என்றால் இரண்டு பேரையும் எழுத வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் பொய் சொல்லிப் பழகிய மனிதருக்கு லேபிளில் மட்டும் பொய் வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் 'அருணாசலம், செல்லமுத்து' என்று எழுதிக் கல்லூரி அலமாரியில் அடுக்கிவிட்டார்.

அவருடைய பதவி உயர்வுக்கான நேரம் வந்தபோது, துறைத்தலைவர் குப்புசாமி அந்த அலமாரியைத் திறந்தார்.

"ஏனுங்க அருணாசலம், எந்த அட்டையை எடுத்தாலும் இந்த ஆளு நிக்கறானே, யாருங்க இவன்?"

"மலைக்குக் கூட வர்றவருங்க."

"கூட வர்றவனையெல்லாம் எழுதுனா கண்டக்டர் பேரையும் எழுதோணும். ஏற்கெனவே நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. கோயமுத்தூர்ல இருந்து நிபுணர் அம்மா பார்க்க வர்றாங்க. உங்க பேரை மட்டும் போட்டுப் புது லேபிள் ஒட்டுங்க. இல்லீன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அருணாசலம் மூன்று நாள் உட்கார்ந்து புது லேபிள்கள் எழுதினார். விஷயத்தைச் சொன்னபோது, செல்லமுத்து நடவுக்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். "எம்பேரை அடிச்சுப் போடு கண்ணு, செடிக்குத் தெரியவா போகுது," என்றார். சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அருணாசலத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நிபுணர் பொன்னம்மாள் அட்டையை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர் அல்ல. செடியையும் நின்ற இடத்தில் பார்க்க வேண்டும் என்றார். ஜீப் ஏற்பாடானது. குப்புசாமி நாற்பதாவது வளைவில் ஒருமுறையும் ஐம்பத்திரண்டாவதில் ஒருமுறையும் வாந்தி எடுத்தார். மலைமேல் குண்டூர் நாட்டில், அட்டையில் இருந்த காட்டு மிளகுக்கொடி எந்த மரத்தில் ஏறியிருக்கிறது என்பது செல்லமுத்துவுக்குத்தான் தெரியும் என்பதால் அவரே முன்னால் நடந்தார். இடத்தைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

பொன்னம்மாள் ஒரு பாறைமேல் அட்டையை விரித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"இதென்ன, ரெண்டு லேபிள் இருக்கு?"

அருணாசலம் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, திருத்தம் இருந்தால் பக்கத்தில் புதிதாக ஒட்ட வேண்டும் என்பது முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் முதல் பாடம். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் கை முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளிலும் அதையே செய்து வைத்திருந்தது.

"பழசுல ரெண்டு பேர். புதுசுல ஒருத்தர். ரெண்டுமே உங்க எழுத்து. எது சரி?"

குப்புசாமி முந்திக்கொண்டார். "கூலிக்கு வந்த ஆளுங்கம்மா. தெரியாம எழுதிட்டாரு. அதா நிக்கறானே, அவந்தானுங்க."

"ஆமாங்க," என்றார் செல்லமுத்து, மரத்தைப் பார்த்துக்கொண்டு. "கூலிக்குத்தானுங்க வந்தேன்."

ஒன்பது வருடத்தில் செல்லமுத்து சொல்லி அருணாசலம் கேட்ட முதல் பொய் அது. அவருக்காகச் சொன்ன பொய்.

"புது லேபிள் தப்புங்கம்மா," என்றார் அருணாசலம். "பழசுதான் சரி. எல்லாம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தது." பிறகு குப்புசாமியின் பக்கம் திரும்பினார். "ஏன் கல்யாணம் பண்ணிக்கலைன்னு வருசா வருசம் கேட்டீங்களே சார். இவருதானுங்க காரணம்."

குப்புசாமி மறுபடி வாந்தி எடுக்க இடம் தேடுகிறவரைப்போல அக்கம்பக்கம் பார்த்தார். பொன்னம்மாள் பேனாவைத் திறந்து, புது லேபிளின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, 'தவறு' என்று எழுதித் தேதி போட்டார்.

"இதையும் கிழிச்சுடாதீங்க," என்றார். "இருக்கட்டும்."

பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. குப்புசாமி கையெழுத்துப் போடாமலேயே ஓய்வு பெற்றார்.

அன்று திரும்பும்போது, ஜீப் நின்ற இடத்துக்குப் போக ஒரு ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. குப்புசாமியும் பொன்னம்மாளும் அக்கரையில் நின்றார்கள். டிரைவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அட்டைக்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி முன்னால் இறங்கிய செல்லமுத்து, பாதி ஓடையில் திரும்பிப் பார்த்தார்.

"பாத்து வா கண்ணு," என்று சத்தமாகச் சொன்னார், "பாசி வழுக்கும்."