இடுப்பளவுத் தண்ணீர்

ரொட்டித் தட்டு மரகதத்தைத் தாண்டிப் போனது. பதுளைச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் அப்படித்தான். தட்டை ஏந்தி வந்தவர் அவள் கணவர், போதகர் ஏசடியான். முழுகி ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருவிருந்து இல்லை. கைக்குழந்தையின் நெற்றியில் தெளிக்கும் தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது. இருபது வருடமாகத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து அவர் சொல்லி வந்தது அதைத்தான். மரகதத்துக்கு நெற்றியில் தெளித்திருந்தார்கள். அதற்காக அவளைக் கோயிலுக்குத் தூக்கிப் போன அம்மா அந்த மாதமே காய்ச்சலில் செத்துப்போனாள். அம்மா மகளுக்கென்று செய்ததாக அவள் அறிந்த காரியம் அது ஒன்றுதான். அது செல்லாது என்று தண்ணீரில் இறங்கிச் சொல்ல அவளால் முடியவில்லை. அவரும் வற்புறுத்தியதில்லை. அது அன்பா, அலுப்பா என்று சில சமயம் யோசிப்பாள்.

அந்த வருடம் கொழும்பில் கூடிய சங்கம் அவரை எல்லாச் சபைகளுக்கும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. செய்தி கேட்டதும் சபை மூப்பர் ஜெயராசா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"ஐயா மலை முழுக்க முக்கியெடுத்துட்டாரு. வீடு மட்டும் காஞ்சு கெடக்கே."

"மூப்பருக்கு வாரத்துக்கொரு குளிப்பே பெருசு. தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றாள் மரகதம்.

போதகர் சத்தமாகச் சிரித்தார். மூப்பர் போனதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"பதவி ஏத்துக்கக் கொழும்புக்கு ரயில் ஏறுறதுக்குள்ள யோசிச்சுப் பாரு, மரகதம்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்காததைக் கேட்டுவிட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்கும்போது அவர் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் மனதில் நின்றது.

அடுத்த ஞாயிறு எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஓடையை மறித்துக் கட்டிய இடத்தில் முழுக்கு. போதகர் வெகுநேரமாகத் தண்ணீரில் நின்றிருந்தார். கடைசியாகக் கொழுந்து பறிக்கும் பூவம்மா இறங்க வேண்டும். அவள் கரையிலேயே நின்றாள்.

"பயமா இருக்குங்கம்மா. நீங்களும் கூட வாங்க."

மரகதம் துவட்டும் துணியைக் கல்லில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். குளிர் எலும்பைத் தொட்டது. பூவம்மா முழுகி எழுந்து, இருமி, சிரித்துக்கொண்டே கரையேறினாள். மரகதம் கரைக்குத் திரும்புவதற்குள் தோளில் கணவரின் கை விழுந்தது. கரையில் ஜெயராசா முழுக்குப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"மரகதம்," என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தக் கையின் பாரம் கூடியது. அது தன்னை அழுத்துகிறதா, தன்மேல் ஊன்றி நிற்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் குனியவும் இல்லை, கரையேறவும் இல்லை; முந்தானை மட்டும் தண்ணீரில் விரிந்து, ஓடையின் போக்கில் இழுபட்டுக்கொண்டிருந்தது.