டெலீஷாவின் இடது முட்டி

ஒடெஸாவும் நானும் பைன் பிளஃப் என்ற எங்கள் ஊரில் ஒரே பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். அவள் பந்தைப் பறித்துத் தருவாள், நான் கூடையில் போடுவேன். பள்ளியோடு அவள் நிறுத்திக்கொண்டாள். நான் கல்லூரி, பிறகு இரண்டு வருடம் துருக்கியில் ஆட்டம் என்று ஓடிவிட்டு, கடைசியில் மேற்குக் கடற்கரைப் பெண்கள் அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். தெற்கு மாநிலங்களின் கல்லூரி ஆட்டங்கள் என் பொறுப்பு. வருடத்துக்கு இருநூறு பெண்களைப் பார்ப்பேன். அதில் ஒருத்திக்கு ‘தேறுவாள்’ என்று எழுத முடிந்தால் அது நல்ல வருடம்.

அந்தப் பிப்ரவரியில் என் பட்டியலில் ஒடெஸாவின் மகள் டெலீஷாவும் இருந்தாள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அணியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளை நானே பார்க்க ஆசைப்பட்டேன்.

அன்று டெலீஷா இருபத்திரண்டு புள்ளி எடுத்தாள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தில் பதினான்கு அவள் கையில்தான் விழுந்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்து ஒடெஸா என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள்.

“எழுதிக்கிட்டியா ரோ? இப்ப போட்டாளே, அதையும் எழுதுடீ! பேனாவுல மை இல்லன்னா சொல்லு, நான் தரேன்.”

“கத்தாதடீ, காது போகுது.”

“நீ அவளை மாதிரி ஆடியிருந்தா உனக்கும் எவனாச்சும் கத்தியிருப்பான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பந்தைப் பார்க்கவில்லை. டெலீஷா ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் வலது காலிலேயே இறங்கினாள். இடைவேளைகளில் மற்ற பெண்கள் பெஞ்சில் சரிந்து உட்கார, அவள் மட்டும் நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தெரிந்துவிடும்.

ஆட்டம் முடிந்து அரங்கம் காலியான பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஒரு நொடி தயங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா இருக்கு அந்த முட்டி?”

“எந்த முட்டி அத்தை?” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியது.

“ரெண்டு வருஷம். கோச்சுக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்தா உக்கார வச்சிடுவாங்க.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா பாதி ஊருக்குத் தெரியும்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை எழுதாதீங்க அத்தை. ஒரே ஒரு வாய்ப்பு கிடைச்சாப் போதும். முட்டியை நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். கிரிட்ஸ் என்னும் சோளக் கஞ்சி தட்டிலேயே ஆறி இறுகிப்போயிற்று. முட்டியைப் பற்றி எழுதினேன். எழுதாமல் விட்டாலும் அணி மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முட்டி பற்றிய வரிக்கு மேலே, அதற்கு முன்பே, வேறு இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். கூடைக்கு அடியில் ஆட ஆறடி உயரம் போதாது. தள்ளி நின்று எறியத் தெரியாது. கடைசிக் கட்டத்தில் ‘தேறமாட்டாள்’ என்று எழுதினேன்.

ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஒடெஸா போன் செய்தாள்.

“சர்ச் ஹாலை எடுத்திருக்கேன். பெரிய டிவி வைக்கிறோம். நீ வரணும்.”

“எனக்கு வேலை இருக்குடீ.”

“பொய் சொல்லாத. உன் வேலை போன மாசமே முடிஞ்சிடுச்சு. அவளை வந்து பாத்த முதல் ஆள் நீதான். நீ இல்லாம எப்படி?”

நான் எழுதியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “வரேன்” என்றேன். போனேன்.

நாற்பது பேர் இருந்தார்கள். ஒடெஸா தட்டுத்தட்டாகக் கெளுத்தி மீன் பொரித்து வைத்திருந்தாள். எனக்கென்று தனியாகப் பெரிய துண்டு. அன்று டிவியில் வாசிக்கப்போவது மொத்தம் முப்பத்தாறு பெயர்கள். முதல் பன்னிரண்டுக்கு யாரும் கவலைப்படவில்லை. “இப்ப இல்ல, இப்ப இல்ல” என்று பாதிரியாரே சொன்னார். இருபதுக்கு மேல் பேச்சு குறைந்தது. முப்பதுக்கு மேல் யாரும் தட்டைத் தொடவில்லை. டெலீஷா புது உடுப்பில், போனை மடியில் கவிழ்த்து வைத்தபடி முன்வரிசையில் இருந்தாள். முப்பத்தாறாவது பெயர் ஒரேகானில் படித்த யாரோ ஒரு பெண்ணுடையது. திரையில் அந்தப் பெண்ணின் அம்மா அழுதுகொண்டே துள்ளினாள்.

ஒடெஸா எழுந்து போய் டிவியை அணைத்தாள். “சாப்பிடுங்க, மீன் ஆறுது” என்றாள்.

டெலீஷா வெளியே போனாள். நான் பின்னால் போனேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

“எழுதிட்டீங்கல்ல?”

“எழுதினேன்.”

“தெரியும். எழுதுவீங்கன்னு அன்னைக்கே தெரியும்.” அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “பரவால்ல அத்தை. முட்டிதானே. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா எடுத்திருப்பாங்கல்ல?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் நட்டமில்லை. ஆட்டத்தைப் பற்றி இருபது வருடமாக உண்மையைச் சொல்லியே பழகிய வாய்.

“இல்லடா கண்ணு. அப்பவும் எடுத்திருக்க மாட்டாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். முட்டியைக் குறை சொல்லிக்கொண்டாவது அவள் மீதி வாழ்க்கையை ஓட்டியிருப்பாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவள் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. “எதுக்கு?” என்று கேட்டாளாம். செப்டம்பரில் போலந்தில் ஒரு சின்ன அணிக்கு ஆடப் போனாள். ஏழாவது ஆட்டத்தில் முட்டி ஒரேயடியாகப் போயிற்று. அணி அவளைத் திருப்பி அனுப்பியது. இப்போது லிட்டில் ராக் நகரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறாள். நின்றுகொண்டே செய்யும் வேலை.

ஒடெஸாவை ஒருமுறை பல்பொருள் கடையில் பார்த்தேன். பக்கத்தில் வந்தாள்.

“முட்டியைப் பத்தி நீ எழுதினதுக்கு எனக்கு வருத்தம் இல்ல ரோ. அது உன் வேலை. முட்டி நல்லா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்கன்னு அவகிட்ட சொன்ன பாரு, அது யாரோட வேலை?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கூடை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.