கள்ளுக்கடையைத் தாண்டும் வழி

சிவசாமி எடுத்த வாந்தி ஜானகியின் வலது பாதத்தில் தெறித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுமுன் அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்த தேநீர்தான். அதனோடு மஞ்சளாக வேறு எதுவோ. தமிழ்ப்பள்ளிக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஆண்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். வாசற்படியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த மலாய்க் கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அவசரகாலம். ரப்பர் தோட்டத்தில் நாலுபேர் கூடினாலே, காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் காட்டுக்காரர்களுக்கு அரிசி சேர்க்கிறார்கள் என்று சந்தேகம். குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடித் தேநீர் குடிப்பதற்கும் துரையின் அனுமதி வேண்டும், காவலுக்கு ஒரு துப்பாக்கியும் வேண்டும்.

ஜானகி குழாயடிக்குப் போய்த் தேங்காய் நாரை எடுத்துப் பாதத்தைத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது. நாற்றம் காலில் இல்லை, மூக்குக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால்வாய் வெட்டும் பிச்சைமுத்து பின்னாலேயே வந்து நின்றார். அவரும் ஒருகாலத்தில் கள்ளுக்கடை வாசலில் ஈ மொய்க்கக் கிடந்தவர்தான். இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவரும் அவரே.

"கோவிச்சுக்காத தங்கச்சி. மொத வாரம் எல்லாருக்கும் இப்படித்தான். ஒடம்பு கேக்கும், வயிறு தாங்காது. நான் வாத்தியார் மேச மேலயே எடுத்தேன்."

"வாந்திக்குக் கோவிக்கலண்ணே. எத்தன பேரு வாந்திய நான் கழுவியிருக்கேன். இவன் மூஞ்சியப் பாத்தாலே கொமட்டுது."

பிச்சைமுத்து தண்ணீர் மொண்டு அவள் காலில் ஊற்றினார். அவருக்குத் தெரியும். தோட்டம் முழுக்கத் தெரியும்.

ஜானகியின் புருஷன் வீரப்பன் ஒருமுறை குடியை விட்டிருந்தான். பால்மரம் வெட்டி முடித்துப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வருவான். கை சும்மா இருந்தால் நடுங்கும் என்று லயத்து வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்திக் கீரை போட்டான். அந்தக் கீரை முளைத்து வந்த நேரத்தில்தான் சிவசாமி ஒரு போத்தல் கள்ளோடு வாசலில் வந்து நின்றான். "ஒரு வாய் மச்சான், எனக்காக" என்றான். ஜானகி அப்போது அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "வேண்டாண்ணே, விட்டுடுங்கண்ணே" என்று கும்பிட்டாள். அவன் சிரித்தான். அந்த ஒரு வாய்க்குப் பிறகு கள் போதவில்லை. வேலிக்கு வெளியே திருட்டுத்தனமாக விற்ற சம்சு சாராயத்தைத் தேடி இருவரும் போனார்கள். ஒரு நாள் ஊரடங்கு நேரம் தாண்டிவிட்டது. முள்கம்பி வேலி ஓரமாகத் தள்ளாடி வந்தவனைப் பார்த்து ரோந்துக்காரர்கள் நில் என்று கத்தினார்களாம். வீரப்பன் நிற்கவில்லை. சுட்டுவிட்டார்கள். சிவசாமி மறுநாள் காலையில் சேற்றோடு உயிரோடு வந்து சேர்ந்தான். சாவு வீட்டில் குடித்துவிட்டு உருண்டு உருண்டு அழுதான். அந்த அழுகையை நினைத்தால் ஜானகிக்கு இன்றும் சோறு இறங்காது.

பால் நிறுக்கும் கொட்டகையிலிருந்து லயத்துக்கு ஒரே பாதை. பாதையின் நடுவில் கள்ளுக்கடை. அதனால் புதிதாகக் குடியை விட்டவனைப் பக்கத்துக்கு ஒருவராகச் சேர்ந்து நடத்திக் கடையைத் தாண்டிவிடுவது கூட்டத்தின் வழக்கம். கூட்டத்துக்கு மறுநாள் பிச்சைமுத்துவை மேலைக்காட்டுக் கால்வாய்க்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொருவனுக்குக் காய்ச்சல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே பிச்சைமுத்து ஜானகியிடம் வந்துவிட்டார்.

"என்னால முடியாதுண்ணே."

"வேற ஆளு இல்லம்மா. நீ அவங்கிட்ட பேசக்கூட வேணாம். பக்கத்துல நடந்தாப் போதும்."

மரத்துக்கு மரம் போகும்போது அவள் அதையே நினைத்தாள். போகாமல் இருந்துவிடலாம். போகாவிட்டால் மத்தியானமே அவன் கடைக்குள் இருப்பான். வீரப்பனைக் கொண்டுபோனது அவனையும் கொண்டுபோகும். அப்படி நினைத்தபோது உள்ளுக்குள் தித்திப்பாக ஒன்று ஊறியது. கள்ளுக்கடைக்காரன் ஆட்களை வரவேற்கும்போது அவன் முகத்தில் இதே தித்திப்பைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். சீ என்று காறித் துப்பினாள். பால் வெட்டும் உளி தவறிப் பட்டையில் ஆழமாக இறங்கியது.

சிவசாமி கொட்டகை ஓரமாக நின்றிருந்தான். புளித்த பாலும் பழைய வியர்வையும் கலந்து அவன்மேல் வீசியது. ஜானகி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள். அவன் ஓர் அடி பின்னால் வந்தான்.

கடை வாசலில் கந்தசாமி குந்தியிருந்தான். மீசையில் நுரை.

"என்னலா சிவசாமி, கூட்டாளி போன எடத்துல குடியேறிட்டியா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எச்சில் தெறிக்கும் சிரிப்பு. கடைக்காரன் ஒன்றும் சொல்லாமல் ஒரு குவளையை நிரப்பிப் பாதையைப் பார்த்த பலகையின் விளிம்பில் கொண்டுவந்து வைத்தான். நுரை வழிந்தது. அதில் ஒரு தேனீ செத்து மிதந்தது. சிவசாமி நின்றுவிட்டான். அவன் தொண்டை பல்லியின் தொண்டைபோல ஏறி இறங்கியது. கண் குவளையை விட்டு நகரவில்லை. தேனீயையும் சேர்த்து விழுங்கிவிடுவான் போலிருந்தது.

ஜானகி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரமாக, ஓட்டிலிருந்து பிடுங்கிய நத்தையைத் தொட்டதுபோல இருந்தது. விடாமல் இழுத்தாள். "அடி சக்கை, கையப் புடிச்சிட்டாடா" என்று கந்தசாமி கத்தினான். அவள் திரும்பவில்லை. வளைவு தாண்டிக் கடை மறைந்த பிறகுதான் கையை உதறினாள். உதறிய கையைப் பால்மரப் பட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்."

"என்னை அப்படிக் கூப்பிடாத."

"அன்னிக்கு அவன் ஒடனே சாகல." சிவசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் பக்கத்துலதான், கால்வாய்க்குள்ள படுத்துக் கெடந்தேன். எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டான். ரொம்ப நேரம் கூப்பிட்டான். நான் போகல. போத்தல்ல மிச்சம் இருந்துச்சு. அதக் குடிச்சேன்."

ஜானகிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த காலி வாளியை ஓங்கி அவன் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை, அதுவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வாளியின் பிடி கழன்று அவள் கையோடு வந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொன்ன? சொல்லாம செத்துத் தொலைய வேண்டியதுதான?"

"குடிக்காம இருந்தா அவன் கூப்பிடறது கேக்குது. குடிச்சா கேக்காது."

சொல்லிவிட்டு வந்த வழியைப் பார்த்தான். கடை தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் போய்விடுவான். பிச்சைமுத்துவுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. குடிகாரன் குடிக்கப் போனான், அவ்வளவுதான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கீரைப் பாத்தியிலிருந்து மண்ணான கையோடு வாசலுக்கு வந்து, நீட்டிய போத்தலை வாங்கலாமா என்று தன்னைத் திரும்பிப் பார்த்த வீரப்பனின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவளால் கும்பிட மட்டுந்தான் முடிந்தது.

வாயில் ஊறிய கசப்பைத் துப்பினாள்.

"கேக்கட்டும். நல்லாக் கேளு. ஒன்னப் பாத்தா எனக்குக் கொமட்டுது. நாளைக்கும் கொமட்டும். நாளைக்கும் கொட்டகை வாசல்ல நில்லு, நான் வர்றவரைக்கும் நகராத. இப்ப நட."

அவன் நடந்தான்.

லயத்து வேலியின் வாயிலில் புது ஆள் காவலுக்கு நின்றான், மீசைகூட முளைக்காத மலாய்ப் பையன். சிவசாமியைத் தடவிப் பார்க்க இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். தூக்கிய கைகள் காற்றில் வெடவெடத்தன. பையன் எதையோ சந்தேகப்பட்டு ஓர் அடி பின்வாங்கித் துப்பாக்கியை நிமிர்த்தினான். "ஜங்கான் கெராக்! அசையாதே!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினான்.

"சாக்கிட், துவான்" என்றாள் ஜானகி பின்னாலிருந்து. "சீக்காளி ஐயா. அந்தக் கை அப்படித்தான் ஆடும்."

பையன் நம்பவில்லை. அவளையும் கையைத் தூக்கச் சொன்னான். அவள் வாளியையும் கழன்ற பிடியையும் கீழே வைத்துவிட்டு, முந்தானை மூக்கிலிருந்து நழுவ, இரண்டு கையையும் தூக்கினாள். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் லயத்துப் பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். காற்று சிவசாமியின் நாற்றத்தோடு அவள் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.