இலை போட்ட நேரம்

நாலு நாளாக வராதது, மாமனாரின் சிராத்தத்தன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, மிளகு ரசத்தில் நெய்யில் பொரித்த சீரகத்தைக் கொட்டிய கையோடு மாதவிக்கு வந்தது. அடிவயிற்றின் இடது பக்கத்தில் ஏதோ கனமாக அசைந்து, மெல்ல இறங்கி, கீழே வந்து நின்றது. கரண்டியை வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிரமை இல்லை, நிஜமாகவே வந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயதில் இந்த ஒரு உணர்ச்சிக்காக அவள் ஏங்குகிற மாதிரி, கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோகூட ஏங்கியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஹாலில் இரண்டு பிராமணர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது.

அவளுடைய பெருங்குடல் மற்றவர்களுடையதைவிட நீளம், போதாக்குறைக்குச் சோம்பேறி. படத்தில் காட்டித்தான் டாக்டரம்மா விளக்கினாள். வேண்டாத மடிப்புகளோடு வயிற்றுக்குள் அது தொளதொளவென்று கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அது தன்னைத்தானே முறுக்கிக்கொண்டுவிட்டது. பெஹாலா டிராம் டிப்போவுக்குப் பக்கத்து நர்ஸிங் ஹோமில் பின்வழியாகக் குழாய் விட்டு, முறுக்கைப் பிரித்து அனுப்பினார்கள். இன்னொரு முறை முறுக்கினால் பிரிக்க வருமா என்று சொல்ல முடியாது, குடலை வெட்டி வயிற்றில் துளை போட்டுப் பை வைக்க வேண்டியிருக்கும் என்று அந்த டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். குடலை நிரம்ப விடக் கூடாது, வந்தால் உடனே போய்விட வேண்டும். பஸ்ஸில் இருந்தால் இறங்குங்கள், கோயிலில் இருந்தால் எழுந்திருங்கள் என்றாள். "சேபே ராக்பேன் நா, மாஷிமா." வங்காளியில், அடக்கி வைக்காதீர்கள் மாமி என்று. கடைசியாக மாதவியின் கையைப் பிடித்துக்கொண்டு இதை இரண்டு தடவை சொன்னாள்.

அன்றிலிருந்து மாதவியின் நாள் ஐந்து மணிக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு ஆரம்பிக்கும். ராத்திரி இசப்கோலும் ஒரு மூடி சிரப்பும். பாத்ரூமில் காலை உயர்த்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி. நாற்பது நிமிஷம் அதில் கால் வைத்து உட்கார்ந்திருப்பாள். வெளியே அவள் கணவர் வெங்கடநாராயணன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இருமுவார். கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவருக்கு வேலை, ஒன்பது மணிக்குள் துறைமுகத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்கு பாத்ரூம் ஒன்றே ஒன்று. பாவம், அவர் கதவைத் தட்டியதில்லை. ஆனால் அந்த இருமல் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வந்ததும் பயந்து திரும்பிப் போய்விடும்.

எதிர் ஃபிளாட் வங்காளிப் பெண்மணி ஷிப்ரா பௌதிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மாடிப்படியில் பார்த்தால் "ஆஜ் பேட் பரிஷ்கார் ஹோலோ?" என்பாள், இன்று வயிறு சுத்தமானதா என்று, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி. இந்த வங்காளி ஊரில் அது காலை வெயிலைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான். மீன் வாங்க நிற்கிற இடத்தில் ஆண்பிள்ளைகள் தங்கள் அஜீரணத்தைப் பற்றி அரைமணி நேரம் ரசித்துப் பேசுவார்கள். மாதவியின் வீட்டிலோ அதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. கொல்லைக்குப் போகணும் என்பாள் மாமியார், இருந்தவரைக்கும். மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு ஏது கொல்லை? மாமியார் போனபின் அந்த வார்த்தையும் போய், இப்போது வெறும் முகக்குறிதான் மிச்சம்.

சிராத்தம் புதன்கிழமை. சனிக்கிழமை ராத்திரியே மாதவி சிரப்பை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த சிரப் வேலை செய்யும், ஆனால் எப்போது செய்யும் என்று முன்கூட்டித் தகவல் கொடுக்காது. மடியாகக் குளித்து, தனியாகக் காயப்போட்ட ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டியபிறகு வந்து தொலைத்தால்? போய்விட்டு வந்தால் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும். மாற்றிக் கட்ட இன்னொரு மடிப்புடவை கொடியில் இல்லை. அதனால் புதன் வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும், வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். தன் குடலோடு ஒப்பந்தம் போட்ட ஒரே பெண்மணி அவளாகத்தான் இருப்பாள். அது கையெழுத்துப் போடவில்லை.

பரிமாற வேறு ஆளும் இல்லை. பெண் மதுவந்தி முதல்நாள் சாயங்காலமே தீட்டாகி ஒதுங்கிவிட்டாள். பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் நியூ டவுன் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் சாஸ்திரிகளின் குரல் ஏறி இறங்கியது. இரண்டரைக்கு அவருக்கு சால்ட் லேக்கில் இன்னொரு சிராத்தம் இருந்தது. வந்ததும் வராததுமாக அதைச் சொல்லிவிட்டார். பிராமணர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பாத்ரூம் கதவு நாலடி தூரம்கூட இல்லை. போனால் அவர்கள் முகத்துக்கு நேரே போக வேண்டும். உள்ளே நடப்பதெல்லாம் மந்திரத்துக்கு நடுவே வெளியே கேட்கும்.

நெய்க் கிண்ணத்துக்காக வெங்கடநாராயணன் சமையலறை வாசலுக்கு வந்தார். விரலில் தர்ப்பைப் பவித்திரம், மார்பில் வேர்வை.

"ஏன்னா," என்றாள் மெதுவாக. "எனக்கு வரது."

முப்பது வருஷ சம்சாரம், விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை அவள் கண்ணால் பார்த்தாள். அவரும் நாலு நாளாகக் காத்திருந்தவர். அப்புறம்தான் ஹால் ஞாபகம் வந்தது.

"இப்பவா?"

"இப்பதான். விட்டா போயிடும்."

அவர் திரும்பி இலைகளைப் பார்த்தார். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். "இலை போட்டாச்சே, மாதவி. இன்னும் அரைமணிதான். கொஞ்சம் பொறுத்துக்க முடியுமா, பாரேன்."

அதட்டியிருந்தால் அவள் போயிருப்பாள். அவர் கெஞ்சினார். வருஷத்துக்கு ஒருநாள் அப்பாவுக்கு ஒரு வாய் சோறு, அது தடைப்படாமல் போக வேண்டும் என்கிற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

பின் அறைக் கதவு ஒரு சாண் திறந்தது. "மா, நீ போ. ப்ளீஸ். அவா வெயிட் பண்ணட்டும், ஒண்ணும் ஆகாது," என்றாள் மதுவந்தி, தாழ்ந்த குரலில், ஆனால் கோபமாக.

"மது, கதவைச் சாத்து," என்றார் அப்பா.

மாதவி சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இரண்டு இலையிலும் குனிய வேண்டும். வாழைக்காய் கறிக்குக் குனிந்தபோது நெற்றி வேர்த்தது. பாகற்காய் பிட்லைக்குக் குனிந்தபோது தொடைகளை ஒன்றோடொன்று இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டாள். பிரண்டைத் துவையல், மாங்காய்ப் பச்சடி, திரட்டுப்பால். உள்ளே இருந்தது இப்போது கெஞ்சவில்லை, முட்டியது. உடம்பின் சக்தியெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து அதை மறித்து நின்றது. கை மட்டும் தன்பாட்டுக்குப் பரிமாறியது. பித்ரு இலையில் உட்கார்ந்த பெரியவர் பாயசத்தை நிதானமாக ருசித்து, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம், பித்ருக்களின் ஸ்தானத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து, அவள் அவரை மனதார வெறுத்தாள்.

மூன்றாவது சுற்று வடைக்குக் குனிந்து நிமிர்ந்தபோது அது இல்லை. எந்த நொடியில் போயிற்று என்று தெரியவில்லை. முட்டியது நின்று, கனம் மேலே ஏறி, பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. வடைத் தட்டோடு அப்படியே நின்றாள். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. பிராமணர்களைப் பார்த்துத் திருப்தியா என்று முறைப்படி கேட்கப்பட்டது. பரம திருப்தி என்றார்கள். மாமி கைப்பக்குவம் அப்படி என்று சாஸ்திரிகள் சேர்த்துக்கொண்டார்.

எல்லாரும் போனபிறகு அவள் முக்காலியில் கால் வைத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் குடித்தாள், வயிற்றைக் கடிகாரச் சுற்றாகத் தடவினாள், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி முன்னால் சாய்ந்தாள். வெளியே இன்று யாரும் இருமவில்லை. வா, இப்போது வா, யாரும் இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குளித்துவிட்டு வந்தபோது மணி மூன்று. வெங்கடநாராயணன் சாப்பிடாமல் அவளுக்காக உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சா?" என்றார்.

தலையசைத்தாள், இல்லை என்று.

"பித்ரு சேஷம். ஒரு பிடியாவது சாப்பிடணும். ஒரு அதிரசம், போறும்."

பித்ருக்களுக்குப் படைத்து மீந்ததில் அவள் ஒரு பிடி சாதமும் ஒரு அதிரசமும் ஒரு வடையும் சாப்பிட்டாள். மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் இலையில் இருந்த எள்ளுருண்டையையும் சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்கு வயிறு தம்பட்டம்போல் விறைத்துவிட்டது. விரலால் சுண்டினால் சத்தம் கேட்டது. வாயு பிரியவில்லை. வலி அலையலையாக வந்தது, பிறகு அலைகூட இல்லாமல் ஒரேயடியாக நின்றுவிட்டது. ஐந்தரைக்கு எள்ளும் வெல்லமுமாக வாந்தி எடுத்தாள். மதுவந்தி தீட்டையும் மறந்து ஓடிவந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அதை யாரும் தடுக்கவில்லை. அவளே கார் கூப்பிட்டாள், ஷிப்ரா பௌதி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக மாதவியை மாடிப்படியில் இறக்கினார்கள். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. மெட்ரோ தூணுக்குத் தூண் மாதவி எண்ணிக்கொண்டு வந்தாள், இருபத்தி ஏழுக்கு மேல் முடியவில்லை.

நர்ஸிங் ஹோமில் அதே டாக்டரம்மா. வயிற்றில் கை வைத்ததுமே அவள் முகம் மாறியது. கடைசியாக எப்போது போனீர்கள் என்று வங்காளியில் கேட்டாள். சனிக்கிழமை என்றாள் மாதவி. நடுவில் வருகிற உணர்ச்சியாவது இருந்ததா?

"இன்று பகல் ஒரு மணி வாக்கில் வந்தது."

"வந்ததா? பிறகு ஏன் போகவில்லை?"

மாதவிக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. பிறந்தது இந்த ஊர், படித்தது இந்த ஊர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை. வெங்கடநாராயணன் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்," என்றாள் மதுவந்தி. யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. ராத்திரியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை முறுக்கு பிரியவில்லை. காலை பத்து மணிக்கு ஆபரேஷன். பகலில் போயிருந்தால் இது நடந்திருக்காதா என்று மதுவந்தி கேட்டதற்கு, சொல்ல முடியாது, நடந்தும் இருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. அந்தப் பதிலை மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

காலை எட்டு மணிக்கு வெங்கடநாராயணன் கட்டிலருகே வந்து நின்றார். மூக்கில் குழாயோடு மாதவி கண்ணைத் திறந்தாள்.

"சாஸ்திரிகளுக்குப் போன் பண்ணினேன்," என்றார். சற்று நேரம் கட்டில் கம்பியைத் தடவினார். "சொல்லியிருந்தா நிறுத்தி வெச்சிருப்பாராம். கர்த்தா நானே பரிமாறலாமாம். அதுல ஒரு தோஷமும் இல்லையாம்."

மாதவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு கொன்றது, அதனால் நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே நான் சமைச்சா, பித்ருக்கள் சாப்பிடுவாளா?" என்று கேட்டாள். "பையைக் கட்டிண்டு?"

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

அப்போது ஒரு நர்ஸ் தட்டில் ஊதா நிறப் பேனாவோடு வந்தாள், சின்னப் பெண். துளை போடுகிற இடத்தைக் குறிக்க வேண்டும், இடுப்பில் புடவை இறுகுகிற இடத்தில் பை வந்தால் தொந்தரவு, அதனால் வழக்கமாகப் புடவையை எங்கே கட்டுவீர்கள் என்று கட்டிக் காட்டுங்கள் என்றாள். மதுவந்தி பையில் திணித்துக்கொண்டு வந்த வாயில் புடவை ஒன்று இருந்தது. மாதவியை நிற்க வைத்து, ஆஸ்பத்திரி அங்கியை விலக்கி, நர்ஸ் ஒரு முனையை இடுப்பில் சுற்றினாள். மிச்சப் புடவை தரையில் சரிந்தது.

வெங்கடநாராயணன் சட்டென்று குனிந்து அதை அள்ளினார். தரையில் படாமல், இரண்டு கையிலும் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு, அவள் பக்கத்தில் ஒட்டி நின்றார். புடவையின் மறுமுனை அவள் இடுப்பில் இருந்ததால் விலகிப் போகவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பவும் முடியவில்லை. நர்ஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, விறைத்த வயிற்றின் இடது பக்கம், கட்டுக்கு இரண்டு விரல் கீழே, பேனாவை வைத்து மெதுவாக ஒரு வட்டம் வரைந்தாள். மை காயும்வரை அசையாதீர்கள் என்றாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.