ஸ்டாம்ப் ஒட்டாத கவர்

கவரை ஒட்டியபின், ஸ்டாம்ப் இருக்கவேண்டிய மூலையைத் தங்கமணி கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. திருப்தியோடு பையில் போட்டுக்கொண்டு குத்தாலம் போஸ்ட் ஆபீசுக்கு பஸ் ஏறினாள். ஒரு ஸ்டாம்புக்குக் கதியில்லாத குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மா நஞ்சையும் சொந்த போர்செட்டும் இருக்கிற வீடு. ஸ்டாம்ப் ஒட்டினால் கடிதம் மகன் கைக்குப் போகாது, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நடவு நாளில், "இந்தச் சேறு எனக்கு வேணாம்ப்பா" என்று சொன்ன சூர்யபிரகாஷை, அவன் அப்பா பஞ்சநதம் வரப்பில் நிற்கவைத்துக் கன்னத்தில் அறைந்தார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இருபத்து மூன்று வயசுப் பிள்ளையை அடிக்கிற மனுஷர் வேறு இடம் பார்த்து அடித்திருக்கலாம். காலைக்கூடக் கழுவாமல் போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். தங்கமணியின் அண்ணன் மகள் வானதிதான் சென்னையில் அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு பைப் கம்பெனில தபால் பிரிச்சுக் குடுக்குற வேலை பாக்குறான் அத்தை. வீட்லேர்ந்து யாராவது தேடி வந்தா இதையும் விட்டுட்டுப் போயிடுவானாம்."

அவன் பேருக்கு ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. எந்தக் குப்பையோடு போயிற்றோ! தபால்காரர் நாகநாதனிடம் புலம்பியபோது அவர் விளையாட்டாகச் சொன்னார்: "ஸ்டாம்ப் ஒட்டாம போடுங்களேன். பேரிங் லெட்டர சும்மா போட்டுட்டுப் போக மாட்டாங்க. ரெண்டு மடங்கு காசு வாங்கிட்டு, ஆள் கையிலதான் குடுப்பாங்க. வாங்கலைன்னா உங்ககிட்டயே திரும்பி வந்துடும்."

தங்கமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தபால் வாங்கிப் பிரிக்கிறவன் அவன்தானே என்று கம்பெனி பேருக்கே போட்டாள். உள்ளே மட்டும் 'இதைப் பிரிக்கிற என் தங்கத்துக்கு' என்று ஆரம்பித்தாள். மாடு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, உனக்குப் பிடித்த விரால் மீனை நீ இல்லாமல் நான் வாங்குவதே இல்லை, எல்லாம் எழுதினாள். விஷயம் தெரிந்த வானதி தலையில் அடித்துக்கொண்டாள். "பேரிங் லெட்டருக்கெல்லாம் கம்பெனி காசு குடுக்காது அத்தை!"

ஆனால் நாலு கடிதம் போயும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அப்படியானால் யார் கைக்காசைக் கொடுத்து வாங்குகிறார்கள்? தங்கமணி அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டாள்.

பஞ்சநதத்துக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். கருவேல முள் குத்தி அவள் விரல் வீங்கியிருந்த ஒரு சாயங்காலம், அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "இந்த மாசம் லெட்டர் போடலியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கொண்டா. நான் எழுதுறேன்."

வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. கவர்மேல் விலாசத்தையும், மூலையில் வீட்டு முகவரியையும் அவரே எழுதினார். அதுவும் ஸ்டாம்ப் ஒட்டாமலேதான் போனது. அவருடைய எழுத்து எழுத்தா அது, கலப்பை உழுத மாதிரி இருக்கும். சூர்யாவின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டெல்லாம் அந்த எழுத்தில்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் அந்தக் கவர் திரும்பி வந்தது. நாகநாதன் தயங்கித் தயங்கி நீட்டினார். பஞ்சநதம் இரண்டு மடங்கு காசைக் கொடுத்துவிட்டு வாங்கினார். அங்கே யாரும் அதைப் பிரிக்கவே இல்லை. மேலே சிவப்பு மையில் 'வாங்க மறுப்பு'.

"வழக்கமா நாங்கதான் எழுதுவோம். இது அங்க வாங்க மாட்டேன்னவங்களே எழுதிக் குடுத்ததுபோல இருக்கு" என்றார் நாகநாதன்.

தங்கமணி எட்டிப் பார்த்தாள். 'வா'வின் கால் அப்படியே இருந்தது, ஒன்றாம் கிளாஸிலிருந்து அவன் இழுக்கிற அதே இழுப்பு. மூன்று வருஷம் கழித்துப் பிள்ளையின் எழுத்தைப் பார்க்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பஞ்சநதம் மூலையிலிருந்த வீட்டு முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்கோடில் கடைசி இரண்டு எண்களை அவர் மாற்றிப் போட்டிருந்தார். அதை அதே சிவப்பு மையில் அடித்து, மேலே சரியாக எழுதியிருந்தது.

"திருத்தியிருக்கான்" என்றார்.

கவரைப் பார்த்துப் பதனமாகப் பிரித்து, உள்ளேயிருந்த தாளை எடுத்துக்கொண்டு, வெறுங்கவரை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடியில் செருகிக்கொண்டாள். அவர் புதுக் கவர் ஒன்று கேட்டார்.

"வெரல் ஆறிடுச்சுங்க. மேல நான் எழுதுறேன். உங்க எழுத்தப் பாத்தா மறுபடியும்…"

"வேணாம். என் எழுத்துன்னு தெரிஞ்சே வாங்கட்டும். எத்தன தடவ வந்தாலும் வரட்டும்."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாகநாதன் காத்திருந்தார். பஞ்சநதம் விலாசத்தை எழுதினார். வீட்டு முகவரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, அவள் பக்கம் கையை நீட்டினார். தங்கமணி மடியிலிருந்த பழைய கவரை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். சிவப்பு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி, அவர் எழுத ஆரம்பித்தார்.